சைடு கொடுத்தல்: எழுதப்படாத ஒரு சட்டத்தின் சரித்திரம்

லாரிக்காரர்களின் பேச்சில் 'சைடு' என்றொரு சொல் உண்டு. 'சைடு குடுக்கிறான்', 'சைடு குடுக்க மாட்டேங்கிறான்', 'சைடு வாங்கி ஏறிட்டேன்'. முன்னால் போகிற வண்டி கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்து, பின்னால் வருகிற வண்டியை முந்திப்போக விடுவதற்குப் பெயர் அது. தமிழில் இதற்குச் சொல் இல்லாமலில்லை. வழிவிடு, விலகு, ஒதுங்கு, ஓரங்கட்டு என்று நாலைந்து இருக்கின்றன. ஆனால் இந்தச் சொற்களெல்லாம் மோட்டார் வருவதற்கு முன்பே வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தவை. யார் வந்தால் யார் விலக வேண்டும், எவ்வளவு தூரம் ஒதுங்க வேண்டும் என்று தீர்மானித்துக் கொடுத்தவை. ஓட்டுநர்கள் இவற்றை விட்டுவிட்டு இங்கிலீஷிலிருந்து ஒரு சொல்லை எடுத்துக்கொண்டது தற்செயலாக இருக்கலாம். எனக்கென்னவோ அப்படித் தோன்றவில்லை. 'ஒதுங்குடா' என்றால் அது ஆளைச் சொல்வது. 'சைடு குடு' என்றால் வண்டியைச் சொல்வது.

பொதுச்சாலையில் நடக்கிற உரிமைக்காக நம்மவர்கள் நடத்திய போராட்டங்களைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. நடக்கிற உரிமை கிடைத்த பிறகு, அதே சாலையில் ஒரு ஓட்டுநருக்கும் இன்னொரு ஓட்டுநருக்கும் நடுவே என்ன நடக்கிறது என்பதைக் குறைவாகவே எழுதியிருக்கிறோம். விளக்கைத் தாழ்த்துவது, கை காட்டுவது, ஹாரன் அடிப்பது, முந்துவது, முந்த விடுவது ஆகியவற்றுக்கு ஒரு மரியாதை முறை இருக்கிறது. அதில் கொஞ்சம் சட்டப் புத்தகத்தில் உண்டு, மீதி எழுதப்படாதது. 1989இல் மத்திய அரசு கொண்டுவந்த சாலை விதிமுறைகளின்படி, பின்னால் வருகிறவரை முந்திப்போகச் சொல்கிற ஓட்டுநர் வலது கையை வெளியே நீட்டி, முன்னும் பின்னுமாக அரைவட்டமாக வீசிக் காட்ட வேண்டும். முந்தப்படுகிறவர் தன் வேகத்தைக் கூட்டக் கூடாது, எந்த வகையிலும் தடுக்கக் கூடாது. அந்த விதிமுறைகளுக்குப் பதில் 2017இல் வேறு ஒழுங்குமுறைகள் வந்துவிட்டன. அந்தச் சட்டம் பேசுவது ஓட்டுநரைப் பற்றி. ஓட்டுநர் ஊர்த்தெருக்காரரா சேரிக்காரரா என்று அதில் ஒரு வரி கிடையாது. எழுதப்படாத பகுதியில் அந்த வரி இருக்கிறது. அதன் சரித்திரத்தைத்தான் இங்கே எனக்குத் தெரிந்த அளவுக்குச் சொல்லப் பார்க்கிறேன்.

மோட்டாருக்கு முந்திய சாலையில் சத்தம் யாருடையது என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். திருவிதாங்கூரிலும் மலபாரிலும் மேல்சாதிப் பெரிய மனிதர் வெளியே கிளம்பினால், முன்னால் ஓடுகிற ஆள் 'போ போ' என்று கத்திக்கொண்டே போவான். அதே சாலையில் வருகிற புலையரும் குரல் கொடுத்தாக வேண்டும், தான் இங்கே இருப்பது தெரிந்து மற்றவர்கள் தீட்டுப்படாமல் இருக்க. இரண்டுமே சத்தம்தான். ஒரு சத்தம் மற்றவர்களை ஓட வைக்க. இன்னொரு சத்தம் தான் ஓடிப்போக. திருநெல்வேலிப் பக்கத்தில் அந்தச் சத்தத்துக்குக்கூட இடமில்லை. கண்ணில் பட்டாலே தீட்டு என்று புரத வண்ணார்கள் பகலில் நடமாட முடியாமல் இருந்ததை ஹட்டன் பதிவு செய்திருக்கிறார்.

தமிழ் படித்தவன் என்பதால் இந்த இடத்தில் எனக்குச் சேக்கிழார் ஞாபகம் வருகிறார். திருநாளைப்போவார் திருப்புன்கூர் கோயிலுக்கு வெளியே நின்று பார்க்கிறார். நந்தி மறைக்கிறது. சிவன் சொல்கிறார், நந்தி விலகுகிறது. பெரியபுராணத்தைக் கரைத்துக் குடித்தவர்கள் இதை அன்பின் அதிசயம் என்று சிலாகிப்பார்கள். எனக்குப் படுவது வேறு: சேரியிலிருந்து வந்தவனுக்கு அங்கே சைடு கொடுத்தது ஒரு கல்மாடுதான். மனுசர் யாரும் இம்மிகூட நகரவில்லை. அவர் உள்ளே போகவும் இல்லை.

அய்யன்காளி 1893இல் செய்தது இந்தச் சத்தத்தின் ஒழுங்கைக் கலைத்ததுதான். வெங்ஙானூரில் புலையர் குடும்பத்தில் பிறந்த அவர் ஒரு வில்வண்டி வாங்கி, வெள்ளை வேட்டியும் தலைப்பாகையுமாக ஏறி உட்கார்ந்து, தடை செய்யப்பட்டிருந்த பொதுச்சாலையில் ஓட்டிக்கொண்டு போனார். மாடுகளின் கழுத்தில் மணி கட்டியிருந்தது. இந்த மணியை நம் ஆட்கள் பேசும்போது அலங்காரமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். வண்டி மாட்டின் மணிக்கு வேலை ஒன்று உண்டு. வளைவிலும் இருட்டிலும் எதிரே வருகிறவனுக்கு 'வண்டி வருது, பாத்துக்கோ' என்று சொல்வது அது. அதுவரை தன்னை ஒளித்துக்கொள்ளக் குரல் கொடுத்துக்கொண்டிருந்த சாதி, முதல்தடவையாக வழி கேட்டு ஒலி எழுப்பியது. அடிதடி வந்தது வண்டிக்காக மட்டும் என்று நான் நினைக்கவில்லை. அந்த மணிச்சத்தத்துக்காகவும்தான்.

வண்டியில் ஏறுவது ஒன்று, வண்டியை யார் ஓட்டுவது என்பது இன்னொன்று. இதை நமக்குத் துல்லியமாக எழுதிக் கொடுத்தவர் பம்பாய் மாகாணத்தில் வளர்ந்த அம்பேத்கர். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று அறியப்படுகிற அவருடைய நினைவுக் குறிப்புகளில் இரண்டு வண்டிகள் வருகின்றன. முதலாவது 1901இல். கோரேகாவில் வேலை பார்த்த அப்பாவைப் பார்க்கப் பிள்ளைகள் ரயிலில் வந்து மசூர் ஸ்டேஷனில் இறங்குகிறார்கள். மகர் பிள்ளைகள் என்று தெரிந்ததும் இரட்டை வாடகை தருகிறோம் என்றாலும் ஒரு வண்டிக்காரனும் வர மறுக்கிறான். கடைசியில் ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு ஏற்பாடு செய்கிறார்: பிள்ளைகளே ஓட்டிக்கொள்வார்கள், வண்டிக்காரன் கூடவே நடந்து வரட்டும். காசு இரட்டிப்பு. அவனுக்குச் சம்மதம். ஓட்டுநர் நடக்கிறான், சவாரிக்காரர்கள் ஓட்டுகிறார்கள். இப்படி ஒரு மரியாதை முறையை வேறு எந்த நாட்டுச் சாலை கண்டுபிடித்திருக்கும்?

இரண்டாவது 1929 அக்டோபரில், சாலிஸ்காவில். இப்போது அவர் பாரிஸ்டர், அரசாங்கம் அமைத்த விசாரணைக் குழுவின் உறுப்பினர். மகர்வாடாவுக்கு அவரைக் கூட்டிப்போகக் குதிரை வண்டிக்காரர்கள் ஒருவரும் முன்வரவில்லை. வண்டியை வாடகைக்குத் தருவார்கள். அவரை வைத்து ஓட்டுவது தங்கள் கவுரவத்துக்குக் குறைச்சல். விருந்தாளியை நடக்க வைக்க அந்த ஏழை ஜனங்களுக்கு மனசு வரவில்லை. ஓட்டிப் பழக்கமில்லாத ஒருவர் கடிவாளத்தைப் பிடித்தார். இருநூறு தப்படி போவதற்குள் ஒரு மோட்டார் கார்மீது மோதப் பார்த்தது. போலீஸ்காரர் போட்ட சத்தத்தில் கார் ஓட்டுநர் காரைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பிறகு பாலத்தில் குதிரை தடுமாறி அம்பேத்கர் தூக்கி எறியப்பட்டார், கால் எலும்பு முறிந்தது. இந்தச் சம்பவத்தைச் சொல்கிறவர்கள் வண்டிக்காரர்களின் மறுப்பையும் முறிந்த காலையும் சொல்வார்கள். எனக்கு அந்தக் காரைப் பின்னால் இழுத்த ஓட்டுநரைத்தான் மறக்க முடிவதில்லை. எதிரே வந்த குதிரை வண்டியில் யார் இருந்தார்கள் என்று யோசிக்க அவருக்கு அவகாசம் இருந்திருக்காது. போலீஸ்காரர் கத்தினார், வண்டியை இழுத்தார். அவ்வளவுதான்.

சென்னை மாகாணத்துக்கு வருவோம். பொதுச்சாலை, தெரு, பாதை எதிலும் எந்தச் சாதியைச் சேர்ந்தவரும் நடக்கத் தடையில்லை என்ற தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் 1924இல் சட்டமன்றத்தில் கொண்டுவந்து நிறைவேற்றினார். அது அரசாணையும் ஆயிற்று. மோட்டார் பஸ்கள் ஓட ஆரம்பித்தபோது ஆதிதிராவிடர்களை ஏற்ற மாட்டோம் என்றார்கள். ராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், அப்படி மறுக்கிற பஸ்ஸின் லைசென்சை ரத்து செய்வேன் என்று உத்தரவு போட்டார்.

அதே ராமநாதபுரத்தில்தான் 1930 டிசம்பரில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்கள்மேல் எட்டுத் தடைகளை அறிவித்தார்கள். 1931 ஜூனில் அது பதினொன்றாயிற்று. இந்தியாவின் அன்றைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையரான ஹட்டன் பின்னாளில் தன் புத்தகத்தில் இந்தப் பட்டியலைத் தந்திருக்கிறார். நகை போடாதே, சட்டை போடாதே, படிக்காதே என்று போகிற பட்டியலின் கடைசித் தடை நம் விஷயத்தைச் சேர்ந்தது. மாப்பிள்ளை குதிரை ஏறக் கூடாது. கல்யாண ஊர்வலத்துக்கு வீட்டுக் கதவைக் கழற்றிப் பல்லக்காகத் தூக்கிக்கொள்ள வேண்டும். எந்தக் காரியத்துக்கும் எந்த வாகனமும் வைத்துக்கொள்ளக் கூடாது.

இதைப் படிக்கிறவர்கள் கொடுமையை மட்டும் பார்க்கிறார்கள். இன்னொன்றையும் பார்க்க வேண்டும். யாரும் செய்யாத காரியத்துக்கு யாரும் தடை போடுவதில்லை. 1931இல் இதைச் சொல்லி அறிவிக்க வேண்டியிருந்தது என்றால், அதற்கு முன்பே ராமநாதபுரத்துச் சேரிகளில் சிலர் குதிரை ஏறிவிட்டார்கள், வண்டி பிடித்துவிட்டார்கள் என்று பொருள். எழுதப்படாத விதி பட்டியலாக வெளியே வருவது அதை மீற ஆரம்பித்த பிறகுதான்.

இனி லாரிக்கு வருகிறேன். இதில் எனக்கு ஆதாரம் ஏடுகள் இல்லை. என் சித்தப்பா.

அவர் 1978 வாக்கில் கிளீனராக ஏறி, அப்புறம் டிரைவராகி, முப்பது வருசத்துக்கு மேல் ஓட்டியவர். சேலத்திலிருந்து ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு பம்பாய், நாக்பூர் என்று போவார். கிளீனர் வேலை என்றால் துடைப்பதும் டயர் கழற்றுவதும் மட்டும் இல்லை. இடப்பக்க ஜன்னலில் கை வைத்துக்கொண்டு வண்டியின் இன்னொரு கண்ணாக இருப்பது அது. பின்னால் வருகிறவனுக்குக் கையை வீசி 'வா வா' என்று காட்ட வேண்டும். எதிரே வண்டி வந்தால் உள்ளங்கையைக் காட்டி 'இரு' என்று நிறுத்த வேண்டும். பின்பக்கம் எடுக்கும்போது பாடியைத் தட்டித் தட்டி 'வரலாம் வரலாம்... ஹோல்டான்' என்று குரல் கொடுக்க வேண்டும். தட்டு நின்றால் வண்டி நிற்கும். "டிரைவரு என்னய நம்பி ஓட்றான். நான் தப்பாத் தட்டுனா செவுத்துல போயி நிப்பான்" என்பார் சித்தப்பா.

விளக்குப் பாஷை இதைவிட நுணுக்கமானது. "எதுர்ல லைட்டு வந்தா நாம டிப் பண்ணணும். அவனும் பண்ணுவான். பண்ணலேன்னா ஒருதரம் அடிச்சுக் காட்டு. அப்பயும் பண்ணலேன்னா கோவப்படாத. அவன் தூங்கிட்டு வர்றான்னு அர்த்தம். நீ ஓரங்கட்டி நின்னுரு." பகலில் எதிரே வருகிறவன் விளக்கை அடித்துக் காட்டினால் முன்னால் ஆர்.டி.ஓ. நிற்கிறார் அல்லது போலீஸ் நிற்கிறது என்று அர்த்தம். இந்தத் தகவலை யாரும் யாருக்கும் விலைக்குத் தருவதில்லை. தனக்கு வந்ததை அடுத்தவனுக்குக் கடத்திவிட்டுப் போவார்கள். இண்டிகேட்டர் விஷயத்தில்தான் ஊருக்கு ஊர் பேதம். எங்கள் பக்கத்து லாரியில் இடது இண்டிகேட்டர் போட்டால் 'நீ ஏறிப் போ' என்று அர்த்தமாம். வடக்கே போனால் வலது இண்டிகேட்டர் போட்டு 'இந்தப் பக்கமா வா' என்பானாம். இது தெரியாமல் போனால் உயிர் போகும். புத்தகத்தில் இதெல்லாம் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்துதான் கற்றுக்கொள்ள வேண்டும். லாரி பழுதாகி நின்றால் கொஞ்ச தூரத்துக்கு முன்பிருந்தே மரக்கிளை ஒடித்துப் போட்டுக் கல் வைப்பார்கள். வேலை முடிந்ததும் அந்தக் கல்லை எடுத்துப் போடாமல் போகிறவனைச் சித்தப்பா திட்டுகிற திட்டை இங்கே அச்சில் ஏற்ற முடியாது.

மலைப்பாதைக்கு ஒரு விதி இருக்கிறது, அது சட்டத்திலும் இருக்கிறது. குறுகலான ஏற்றத்தில் மேலே ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும். பாரம் ஏற்றிய லாரி ஏற்றத்தில் ஒருமுறை நின்றுவிட்டால் மறுபடி எடுப்பது சிரமம், பின்னால் உருளும். திம்பத்தில் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் கீழேயிருந்து வருகிறவனின் ஹாரனுக்கு மேலேயிருந்து வருகிறவன் நின்று காத்திருப்பான். ஏறி வந்தவன் கடக்கும்போது ஒரு கையை உயர்த்துவான். அவ்வளவுதான் நன்றி. இது எனக்குப் பிடித்த விதி. பாரம் சுமக்கிறவனை முன்வைத்து யோசித்த விதி.

"அவன் யாருன்னு எனக்குத் தெரியாது, நான் யாருன்னு அவனுக்குத் தெரியாது. ரெண்டு லைட்டுதான் தெரியும்." சித்தப்பா ராத்திரி ஓட்டத்தைப் பற்றிச் சொல்லும்போது அவர் முகத்தில் வருகிற தெளிவை நான் வேறு சமயத்தில் பார்த்ததில்லை. நாக்பூர் தாண்டி தாபாவில் கயிற்றுக் கட்டிலில் கால் நீட்டிப் படுப்பார், யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். அதே மனிதர் எங்கள் வட்டாரத்துக்குள் வந்ததும், ஊர்ப்பக்கத்து டீக்கடையில் தனி கிளாஸில் குடித்தார். ராத்திரி முழுக்க யார் யாருக்கோ விளக்கைத் தாழ்த்திக் கொடுத்துவிட்டு வந்தவருக்குக் காலையில் கிடைத்த பதில் மரியாதை.

மெயின் ரோட்டிலிருந்து எங்கள் சேரிக்கு இரண்டு கிலோமீட்டர். ஊர்த்தெருவைக் கடந்துதான் போக வேண்டும். அந்த இரண்டு கிலோமீட்டருக்கு இருந்த விதிகள் வண்டி மாற மாறத் தாங்களும் மாறி வந்திருக்கின்றன. அப்பா காலத்தில் ஊர்த்தெருவில் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு போக வேண்டும். மோட்டார் சைக்கிள் வந்த புதிதில் இஞ்சினை அணைத்துத் தள்ள வேண்டும். அப்புறம் ஓட்டலாம் என்று ஆயிற்று. ஆனால் ஹாரன் கூடாது, அவர்கள் வண்டியை முந்தக் கூடாது, எதிரே அவர்கள் வந்தால் நம் விளக்குதான் தாழ வேண்டும். அவர்கள் தாழ்த்துவதில்லை. இந்தப் பட்டியலை யாரும் எங்களிடம் வாசித்துக் காட்டியதில்லை. ஆனால் சேரியில் பத்து வயசுப் பையனுக்கும் அத்துபடி. எங்கள் ஊர் மட்டும் இப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 2007இல் தொடங்கிய தீண்டாமை ஒழிப்பு முன்னணி மாவட்டம் மாவட்டமாக எடுத்த கள ஆய்வுகளைப் பார்த்த பிறகு அந்த நினைப்பு போய்விட்டது.

சித்தப்பா லாரியை மெயின் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்து வருவதுதான் வழக்கம். ஒரே ஒருமுறை, வீட்டுக்குச் செங்கல் இறக்க வேண்டியிருந்ததால், உள்ளே ஓட்டி வந்தார். நான் கேபினில் இருந்தேன். முன்னால் டி.வி.எஸ். 50இல் ஊர்க்காரப் பெரியவர் ஒருவர் நடுரோட்டில் போய்க்கொண்டிருந்தார். பின்னால் லாரி வருவது அவருக்குத் தெரியும், கண்ணாடியில் பார்த்தார். நகரவில்லை. வேகத்தைக் கூட்டவும் இல்லை. முதல் கியரில் உருண்டோம். "ஹாரன் அடிங்க சித்தப்பா" என்றேன். "சும்மா இருடா" என்றார். அவர் வீடு வந்து, வண்டியைத் திருப்பி, ஸ்டாண்டு போட்டு இறங்குகிறவரைக்கும் அப்படியேதான். தொப்பூர் கணவாயில் எத்தனையோ லாரிகளிடம் சைடு வாங்கி ஏறிய மனுசன். லாரியின் பின்பக்கம் 'ஒலி எழுப்பவும்' என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. பின்னால் வருகிற யாராக இருந்தாலும் சத்தம் போட்டு வழி கேட்கலாம் என்று உலகத்துக்கே சொல்லிக்கொண்டு போகிற வண்டி, தானாக ஒரு சத்தம் போட முடியாமல் ஊர்ந்தது.

சாலை மரியாதையைத் தூக்கிப் பிடித்துவிட்டேன் என்று நண்பர்கள் நினைக்கக் கூடும். நெடுஞ்சாலை ஒன்றும் சமத்துவபுரமில்லை. எதிரே வருகிறவன் விளக்கை அடித்தால் இங்கிலாந்தில் பெரும்பாலும் 'நீ முதலில் போ' என்று எடுத்துக்கொள்வார்களாம். நம் சாலையில் அதே விளக்குக்கு 'நான் வர்றேன், நீ நில்லு' என்று பொருள். 'போ போ' என்று கத்திக்கொண்டு முன்னால் ஓடினவனின் தொண்டை இப்போது ஹெட்லைட்டுக்குள் இருக்கிறது. பஸ் காரை மிரட்டும், கார் பைக்கை மிரட்டும், பைக் சைக்கிளை மிரட்டும், எல்லாமாகச் சேர்ந்து நடந்துபோகிறவனை மண்ணில் இறக்கும். அந்த வரிசையின் கடைசியில் நடந்தும் சைக்கிளிலும் போகிறவர்கள் பெரும்பாலும் யார் என்று விடிகாலையில் ஏதாவது ஒரு புறவழிச்சாலையில் நின்று பார்த்தால் தெரியும். பெண்கள் அதற்கும் பின்னால். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தது. கல்குவாரிப் பெண்களும் கூலிப் பெண்களும் ஆயிரக்கணக்கில் ஓட்டினார்கள். ஆம்பளைகள் கேலி செய்தார்கள். அவர்கள் பெல் அடித்துக்கொண்டே போனார்கள். அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

வண்டிக்கு நெடுஞ்சாலையில் சாதி தெரியாது என்பதும் பாதிதான் சரி. கண்ணாடியில் ஒட்டியிருக்கிற படம், நம்பர் பிளேட்டுக்கு மேல் எழுதியிருக்கிற வம்சப் பெயர், சிங்கம், வாள் என்று வண்டிகள் இப்போது நெற்றியில் எழுதிக்கொண்டுதான் ஓடுகின்றன. அரசாங்க பஸ்ஸையே இந்த நோய் விடவில்லை. பல்லவன், சோழன், பாண்டியன், சேரன், கட்டபொம்மன் என்று போக்குவரத்துக் கழகங்களுக்குப் பெயர் வைத்திருந்த காலத்தில் எல்லோரும் ஏறிப் போனார்கள். 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். கட்டபொம்மனின் படையில் தளபதியாக இருந்த தேவேந்திரர் அவர். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள் ஆதிக்க சாதியினர். கல்லெறி, கலவரம், சாவு. அதே ஆண்டு ஜூலையில் அரசாங்கம் கண்ட தீர்வு என்ன? எல்லாக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் எல்லாத் தலைவர் பெயர்களையும் எடுத்துவிட்டது. நம் ஒருவர் பெயர் ஓடுவதற்குச் சைடு கொடுப்பதைவிட, மொத்த வண்டிகளையும் பெயரில்லாமல் ஓட்டுவது சுலபமாக இருந்தது. அண்ணாவும் பெரியாரும்கூட இறங்கிப் போக வேண்டியதாயிற்று.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. அதற்கு 2015இல் செய்த திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் அமலுக்கு வந்தது. அதில் 3(1)(இசட்.ஏ.) என்றொரு பிரிவு. பொது இடத்தில் தலித்தோ பழங்குடியினரோ சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதைத் தடுப்பது, செருப்போ புதுத்துணியோ போடுவதைத் தடுப்பது, கல்யாண ஊர்வலத்தில் குதிரையிலோ வேறு வாகனத்திலோ ஏறுவதைத் தடுப்பது ஆகியவை அதன்படி குற்றம். 1931இன் ராமநாதபுரத்துப் பட்டியலையும் இந்தப் பிரிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். ஒன்று இன்னொன்றின் கண்ணாடி. எண்பத்து நாலு வருசம் கழித்து நாடாளுமன்றம் உட்கார்ந்து குதிரையையும் செருப்பையும் சைக்கிளையும் பெயர் சொல்லி எழுத வேண்டியிருந்தது. முந்துவதும் ஹாரன் அடிப்பதும் அதில் பெயர் சொல்லி வரவில்லை.

வராததன் விலை எங்களுக்குத் தெரியும். 2018இல் சித்தப்பா மகன் ஊர்த்தெருவில் ஹாரன் அடித்து ஒரு பைக்கை முந்தினான். அடுத்த நாள் வழிமறித்து அடித்தார்கள்; பைக்கின் இரண்டு கண்ணாடிகளையும் முதலில் உடைத்துவிட்டுத்தான் ஆளை அடித்தார்கள். சாதி சொல்லித் திட்டினதை நாலு பேர் கேட்டார்கள். காவல் நிலையத்தில் இதை 'வண்டி உரசியதில் ஏற்பட்ட வாய்த்தகராறு' என்று எழுதினார்கள். கூடவே, அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டினான் என்று தம்பிமேல் ஒரு வழக்கு. செய்தித்தாள்களில் 'முந்திச் செல்வதில் தகராறு' என்று நாலு வரியில் வருகிற சம்பவங்களில் எத்தனை இப்படிப்பட்டவை என்று அன்றிலிருந்து நான் கத்தரித்து ஒட்டிக்கொண்டு வருகிறேன். இரண்டு நோட்டுப் புத்தகம் நிறைந்துவிட்டது.

நாங்கள் மனுமேல் மனு போட்டோம். மேலதிகாரிகள் அலுவலகத்தில் தரையில் உட்கார்ந்தோம். மூன்று வாரம் கழித்து வன்கொடுமைப் பிரிவு சேர்க்கப்பட்டு, விதிப்படி டி.எஸ்.பி. விசாரணைக்கு வந்தார். "ஹாரன் அடிச்சதுக்கா இவ்வளவு பெரிய கேஸு?" என்று அவர் கேட்டபோது, சித்தப்பாதான் பதில் சொன்னார். முப்பது வருசம் ஓட்டினதில் தான் ஒருதடவைகூட இந்தத் தெருவில் ஹாரன் அடித்ததில்லை என்றும், மகன் ஒரே ஒருநாள்தான் அடித்தான் என்றும், வேண்டுமானால் இரண்டையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். டி.எஸ்.பி. முதலாவதை எழுதிக்கொள்ளவில்லை. அது சம்பவமில்லையாம்.

வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. தம்பி இப்போது நாமக்கல்லில் கேஸ் டேங்கர் ஓட்டுகிறான். வாய்தாவுக்கு வருகிறபோதெல்லாம் ஒருநாள் படி போகிறது. போன வாய்தாவில் எதிர்த்தரப்பு வக்கீல் அவனைக் குறுக்கு விசாரணை செய்தார். எத்தனை முறை ஹாரன் அடித்தாய் என்று கேட்டார். ரெண்டு என்றான். குட்டையாகவா நீளமாகவா என்று கேட்டார். அதையும் சொன்னான். கோர்ட் எழுத்தர் குறித்துக்கொண்டார்.